ஆடியது தட்டு, ஆர்கன் அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு இணைப்பில், பழைய இங்கிலாந்து ஜாஸ்-ராக் தட்டுகளை மறுபடியும் வினைலில் அச்சடித்து விற்பது பற்றி வந்த கட்டுரையை இரண்டு தடவை படித்தேன். நம் பத்திரிகையில் ஹேமண்ட் ஆர்கன் வாசிக்கிற இங்கிலாந்துக்காரர் பிரையன் ஆகர் பெயரைப் பார்ப்பேன் என்று நினைத்ததே இல்லை. சந்தோஷம். ஆனால் இரண்டு இடம் உறுத்தியது. ஹேமண்ட் ஆர்கனை ‘மின்னணு கீபோர்டு’ என்று எழுதியிருந்தது ஒன்று. ‘தட்டில் சுருதி லேசாக அலைவதும் ஓர் அழகுதான்’ என்று எழுதியிருந்தது இன்னொன்று. முன்னது போகட்டும். பின்னதை நம்பி யாராவது மூவாயிரம் ரூபாயைத் தொலைத்துவிடக் கூடாதே என்றுதான் எழுதுகிறேன். நான் தொலைத்தவன்.

நான் பாட்டுக்காரன் இல்லை. வேலூர் லாங் பஜார் பக்கம் நாற்பது வருடம் மோட்டார் காயில் கட்டியவன். அணைக்கட்டு, ஒடுகத்தூர், கணியம்பாடி என்று எங்கே கிணற்று மோட்டார் எரிந்தாலும் எங்கள் கடைக்கு வரும். தொழில் பழகிய காலத்தில், 1973 இருக்கும், பாகாயத்தில் ஒரு வெளிநாட்டு டாக்டர் வீட்டுக்கு ஃபேன் பார்க்கப் போனேன். உள்ளே ரெக்கார்டு ஓடிக்கொண்டிருந்தது. என் பெரியப்பா தெருக்கூத்துக்கு ஹார்மோனியம் போட்டவர். விடிய விடிய அந்தப் பெட்டி இழுக்கிற இழுப்பு என் காதில் ஊறியது. டாக்டர் வீட்டில் கேட்டதும் அதே இழுப்புதான். ஆனால் ஹார்மோனியத்துக்குள் லாரி எஞ்சினை இறக்கிய மாதிரி. ஃபேனைக் கழற்றிப் போட்டவன் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அவர்தான் அட்டையைக் காட்டினார்: ஒப்லிவியன் எக்ஸ்பிரஸ், பிரையன் ஆகர் 1970-ல் தொடங்கிய குழு. லண்டனில் ஜாஸ் பியானோ வாசித்துக்கொண்டிருந்த மனிதர், அமெரிக்க ஜிம்மி ஸ்மித்தின் தட்டைக் கேட்டுவிட்டு ஆர்கனுக்குத் தாவியவர் என்பதெல்லாம் பிறகு தெரிந்துகொண்டது.

அந்த ஆர்கன் எப்படி ஒலிக்கிறது என்று தெரிந்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. அது எங்கள் ஜாதி வாத்தியம்! 1935-ல் அதைக் கொண்டுவந்த லாரன்ஸ் ஹேமண்ட், மின்சாரக் கடிகாரம் செய்தவர். ஆகர் வாசித்த பி-3 மாடலின் வயிற்றில் 91 இரும்புச் சக்கரங்கள். ஒவ்வொன்றின் விளிம்பிலும் பல் மாதிரி மேடுகள். எதிரே ஒரு காந்தக் கம்பி, அதன்மேல் சுற்றிய காயில். சக்கரம் சுற்றச் சுற்றக் காயிலில் மின்சாரம் எழும், அதுதான் ஸ்வரம். நூறு சின்ன ஜெனரேட்டரை ஒரே பெட்டியில் வைத்தது போல. ஓட்டுவது சிங்க்ரனஸ் மோட்டார், அதாவது மின்சாரம் விநாடிக்கு எத்தனை தடவை அலைகிறதோ (அதைத்தான் ‘சைக்கிள்’ என்போம்) அதற்கு ஒத்து ஒரே வேகத்தில் சுற்றுவது; தானாகக் கிளம்பாது. அதனால் ‘ஸ்டார்ட்’ சுவிட்சைச் சில விநாடி பிடித்திருந்து, பிறகுதான் ‘ரன்’ போட வேண்டும். இந்த மோட்டார் வோல்டேஜ் குறைந்தால் அசராது, சைக்கிள் குறைந்தால்தான் மாட்டிக்கொள்ளும். அமெரிக்காவின் 60 சைக்கிளுக்குச் செய்த பெட்டியை நம் 50 சைக்கிளில் அப்படியே போட்டால் சுருதி ஒன்றரைக் கட்டை இறங்கிவிடும். இதில் மின்னணு எங்கே வந்தது, சொல்லுங்கள்.

சரி, தட்டுக்கு வருகிறேன். போன வருடம் என் மருமகன் அந்தக் குழுவின் ஆரம்பகாலத் தட்டு ஒன்றின் மறுபதிப்பை வரவழைத்துக் கொடுத்தார். பணம் நான்தான் கொடுத்தேன், 3,200 ரூபாய். எந்தக் கம்பெனி அச்சு என்று எழுதி வம்பை விலைக்கு வாங்க விருப்பமில்லை. அட்டை பிரமாதம். ஆனால் ஆர்கன் ஒரே கட்டையைப் பிடித்து நிற்கிற இடத்தில் சுருதி ஏறி இறங்கியது. விற்றவரிடம் கேட்டால், ‘அது லெஸ்லி ஸ்பீக்கர் சார், அப்படித்தான் இருக்கும்’ என்றார். ஆர்கனோடு சேர்த்து வைக்கிற லெஸ்லி ஸ்பீக்கர் பெட்டியில் குழல் சுற்றும், சத்தம் அலையும், அது உண்மை. ஆனால் மெதுவாக விட்டால் நிமிடத்துக்கு ஐம்பது சுற்றுக்குக் கிட்ட, வேகமாக விட்டால் நானூறுக்குக் கிட்ட. நான் கடிகாரத்தை எடுத்து வைத்துக்கொண்டு எண்ணினேன். பத்து அலைக்குச் சரியாகப் பதினெட்டு விநாடி. நிமிடத்துக்கு 33⅓ சுற்று வேகத்தில் தட்டு ஒரு சுற்றுச் சுற்ற ஆகிற நேரம் 1.8 விநாடி. அப்புறம் என்ன சந்தேகம்? முள் பிடித்த கையைப் பக்கத்தில் குனிந்து பார்த்தேன். உள்ளே போகிறது, வெளியே வருகிறது, தொட்டில் மாதிரி. நடுத் துளை தள்ளிப் போயிருந்தது. ஷாஃப்ட் சென்டர் விட்ட ரோட்டரை எத்தனை பார்த்திருக்கிறேன்!

டிரம்ஸும் கிடாரும் துள்ளுகிற பாட்டில் இது சட்டென்று பிடிபடாது. ஆர்கன்தான் காட்டிக்கொடுக்கும். கடைசிப் பாட்டில் இன்னும் மோசம், ஏனென்றால் உள்பக்கம் வட்டம் சிறியது, அதே அரை மில்லிமீட்டர் பிசகு அங்கே பெரிதாகத் தெரியும். ஆகவே வாங்குபவர்கள் முதலில் கடைசிப் பாட்டைப் போட்டு, முள்ளின் கையை ஒரு நிமிடம் பார்க்கட்டும். ஆடினால் திருப்பிக் கொடுக்கட்டும். அதற்கு ‘அழகு’ என்று பெயர் வைக்க வேண்டாம் என்பதுதான் என் கோரிக்கை.

நான் திருப்பிக் கொடுக்கவில்லை, பொறுமை இல்லை. உருட்டு அரத்தால் துளையைக் கொஞ்சம் அகலப்படுத்தி, கை ஆடாமல் நிற்கும் வரை தட்டை விரல் நுனியால் நகர்த்தி நகர்த்திச் சென்டர் பார்த்தேன். அரை மணி நேரம் ஆயிற்று. முதல் பக்கம் இப்போது ஆணி அடித்த மாதிரி நிற்கிறது. இரண்டாம் பக்கத்துக்கு அச்சு தனி, அதன் பிசகும் வேறு திசையில். ஒவ்வொரு தடவை திருப்பிப் போடும்போதும் புதிதாகச் சென்டர் பார்க்க வேண்டியிருக்கிறது. என் மனைவி, ‘பாட்டுக் கேட்கிறீங்களா, மோட்டார் ரிப்பேர் பண்றீங்களா?’ என்கிறாள்.

இப்படிக்கு,
காயில் கட்டி ஓய்ந்த ஒரு வாசகர்,
சத்துவாச்சாரி, வேலூர்.