வெங்காயத் தோலில் இல்லாத பச்சை

அன்புள்ள அக்காவுக்கு,

போன கடிதத்தில் படிப்பைப் பற்றி ஒரு வரிகூட இல்லை என்று கோபித்துக்கொண்டாய். சரி, இந்த முறை அதை மட்டுமே எழுதுகிறேன். உடம்பு நன்றாக இருக்கிறது, தூக்கமும் பழகிவிட்டது என்று அம்மாவிடம் சொல்லிவிடு.

முதல் வருஷத்தில் எங்களுக்குப் பொது உயிரியல் உண்டு. மருத்துவம் போக நினைப்பவர்கள், விவசாயம் படிக்க வந்தவர்கள் என்று எல்லோரும் ஒரே அரங்கில் உட்காருகிறோம். வாரத்தில் மூன்று விரிவுரை, ஒரு நாள் மூன்று மணி நேரம் ஆய்வகம். தண்ணீரில் தொடங்கி, புரதம், செல், சுவாசம் என்று பாடம் ஓடுகிறது. அப்புறம் மரபியல், பரிணாமம். பெயர்கள்தான் முதலில் திணறடித்தன. தமிழில் படித்ததை எல்லாம் மனதுக்குள் மாற்றிக்கொண்டே கேட்க வேண்டியிருந்தது. ஆனால் அது ஒரு விதத்தில் நல்லதாகவும் போயிற்று. பக்கத்தில் இருப்பவர்களுக்கு ‘ஆஸ்மாசிஸ்’ மனப்பாடம் செய்ய வேண்டிய ஒரு சத்தம். எனக்கோ ‘சவ்வூடு பரவல்’ என்று நினைத்ததுமே நடப்பது முழுவதும் தெரிந்துவிடுகிறது.

உன்னிடம் சொல்லியே ஆக வேண்டியது முதல் நாள் ஆய்வகம்தான். சிவப்பு வெங்காயத்தின் தோலை உரித்து, ஒரு சொட்டுத் தண்ணீரில் வைத்து, நுண்ணோக்கியில் பார்த்து வரையச் சொன்னார்கள். நீ எனக்குச் சொல்லிக்கொடுத்த தாவர செல் படம் கையிலேயே இருக்கிறதே! பத்து நிமிஷத்தில் செல் சுவர், சவ்வு, உட்கரு, நுண்குமிழ், பச்சைப் பென்சிலில் பசுங்கணிகங்கள் எல்லாம் வரைந்து கொடுத்தேன். எங்களைப் பார்த்துக்கொள்ளும் ஆராய்ச்சி மாணவி படத்தைப் பார்த்தார், நுண்ணோக்கியில் குனிந்து பார்த்தார், பிறகு மெதுவாகக் கேட்டார்: “இந்தப் பச்சை எங்கே இருக்கிறது, எனக்குக் காட்டு.”

மறுபடி பார்த்தேன். எங்குமே இல்லை. வெங்காயக் குமிழ் மண்ணுக்குள் வெளிச்சமில்லாமல் வளர்ந்து உணவைச் சேமிக்கிற பாகம், அங்கே வெளிச்சத்தில் உணவு தயாரிக்கிற பசுங்கணிகத்துக்கு என்ன வேலை? அன்று ராத்திரி வெகுநேரம் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். நம் படத்தில் தப்பில்லை அக்கா. பல செல்களில் இருப்பதை ஒன்றாகச் சேர்த்துப் போட்ட படம் அது. அதை நான் கண்ணுக்கு முன்னால் இருந்த செல்லின் மேல் ஒட்டிவிட்டேன்.

அடுத்த வாரம் அதே தோலில் உப்புத் தண்ணீர் விட்டோம். கொஞ்ச நேரத்தில் செல்லுக்குள் இருந்த சிவப்பு நிறம் சுருங்கி, சுவரை விட்டு விலகி நடுவில் ஒதுங்கியது. உப்பைக் கழுவி நல்ல தண்ணீர் விட்டதும் பழையபடி விரிந்தது. அந்தச் சிவப்பின் ஓரத்தில்தான் சவ்வு இருக்கிறது. அதன் தடிமன் 10 நானோமீட்டருக்கும் குறைவு, எங்கள் நுண்ணோக்கியால் சுமார் 200 நானோமீட்டர் வரைதான் பிரித்துக் காட்ட முடியும். ஆக நாம் அழுத்தமாகக் கோடு போட்டு வரைந்த சவ்வை இந்த நுண்ணோக்கியில் யாரும் பார்த்ததே இல்லை. தண்ணீரை விடுகிறது, உப்பை எளிதில் விடுவதில்லை. அது செய்கிற வேலையை வைத்துத்தான் அங்கே சவ்வு இருப்பதை நாங்கள் கண்டுகொண்டோம். இதை எழுதும்போதுகூட எனக்கு உடம்பு சிலிர்க்கிறது.

ஒளிச்சேர்க்கையிலும் இப்படி ஒன்று. சமன்பாடு உனக்கும் எனக்கும் தூக்கத்திலும் வரும். ஆனால் வெளியே வரும் ஆக்சிஜன் எதிலிருந்து வருகிறது, கார்பன் டை ஆக்சைடிலிருந்தா, தண்ணீரிலிருந்தா என்று நாம் கேட்டதே இல்லை. கந்தக பாக்டீரியாக்கள் தண்ணீருக்குப் பதில் ஹைட்ரஜன் சல்பைடை எடுத்துக்கொண்டு, ஆக்சிஜனுக்குப் பதில் கந்தகத்தை விடுகின்றன. அதைப் பார்த்த வான் நீல் என்ற விஞ்ஞானி, செடியும் அதுபோலத் தண்ணீரைத்தான் உடைக்கிறது என்று ஊகித்தார். 1941-இல் ரூபன், கேமன் என்ற விஞ்ஞானிகளின் குழுவினர், சாதாரண ஆக்சிஜனைவிடக் கனமான ஆக்சிஜன்-18 உள்ள தண்ணீரைப் பாசிக்குக் கொடுத்தார்கள். வெளியே வந்த வாயுவில் அந்தக் கனமான ஆக்சிஜன் இருந்தது. இதை விரிவுரையில் கேட்டபோது, நீ பக்கத்தில் இல்லையே என்றுதான் தோன்றியது.

உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். உன் பள்ளியில் ஒரு நுண்ணோக்கி இருக்கிறது என்று சொன்னாயே. புத்தகத்துப் படத்தைக் காட்டுவதற்கு முன்னால், பிள்ளைகளை வெங்காயத் தோலைப் பார்த்து வரையச் சொல். சிவப்பு வெங்காயமாக எடுத்துக்கொள், வெள்ளையில் உப்புத் தண்ணீர் செய்வது சரியாகத் தெரியாது. வரைந்ததில் ஒன்றிரண்டை எனக்கு அனுப்பி வை. யாராவது பச்சை தீட்டியிருந்தால் அதையும் அனுப்பு.

அன்புடன்,
உன் தம்பி