பட்டியலில் எங்கள் பெயர் எங்கே? ஏர் மொபிலிட்டி கமாண்டுக்கு ஒரு திறந்த மடல்

அமெரிக்காவின் இலினாய் மாநிலம் ஸ்காட் விமானப்படைத் தளத்தில் இருந்துகொண்டு, விமானப்படையின் போக்குவரத்துப் பிரிவான ஏர் மொபிலிட்டி கமாண்டின் (ஏ.எம்.சி.) சார்பில் ராணுவப் பயணிகள் டெர்மினல்களை நிர்வகிக்கும் அதிகாரிகளுக்கு,

வணக்கம். ராணுவ விமானங்களில் மிஞ்சும் இருக்கைகளில், அதாவது ஸ்பேஸ்-ஏ முறையில், பயணம் செய்யும் அமெரிக்கப் படைகளின் ஓய்வுபெற்றோரும் குடும்பத்தாரும் சேர்ந்து எழுதும் மடல் இது. கூடுதல் இருக்கை கேட்டு இதை எழுதவில்லை. விமானம் பறப்பது பணிக்காக. சரக்கும் உத்தரவின் பேரில் செல்லும் வீரர்களும் போக மிஞ்சுவதுதான் எங்களுக்கு என்று 4515.13 எண் கொண்ட பாதுகாப்புத் துறை ஆணை சொல்கிறது. அதுதான் நியாயமும். முன்னுரிமைப்படி பிரித்த ஆறு வகைகளில், அவசர விடுப்பில் வீட்டுக்கு ஓடும் வீரர் முதல் வகையிலும், சாதாரண விடுப்பில் செல்பவர் மூன்றாம் வகையிலும், நாங்கள் கடைசியாக ஆறாம் வகையிலும் இருப்பதில் எங்களுக்கு மனக்குறை கிடையாது. எங்கள் பெயர் பட்டியலில் ஏறிவிட்டதா, எத்தனையாவது இடத்தில் இருக்கிறது, நேற்றைய விமானத்தில் யார் வரைக்கும் கூப்பிட்டார்கள் என்பவை உங்கள் கணினியில் ஏற்கெனவே கிடக்கும் தகவல்கள். அவற்றைத்தான் கேட்கிறோம்.

பதிவிலிருந்து தொடங்குவோம். ஸ்பேஸ்-ஏ பயணத்துக்கான ஏ.எம்.சி. 140 படிவத்தை நிரப்பி மின்னஞ்சலில் அனுப்புகிறோம். பதிவு 60 நாள் செல்லும். ஒரே வகையில் இருப்பவர்களுக்குள் யார் முந்தி என்பதைத் தீர்மானிப்பது பதிவான நாளும் நேரமும் மட்டுமே. சில டெர்மினல்கள் தானியங்கிப் பதில் அனுப்புகின்றன. ஆனால் அது அஞ்சல் வந்து சேர்ந்ததற்குத்தான் சாட்சி, பெயர் பட்டியலில் ஏறியதற்கு அல்ல. இடையில் ஒருவர் உட்கார்ந்து தட்டச்சு செய்கிறார். பிறந்த தேதி ஓர் எண் மாறினாலோ, கணவர் பெயர் ஏறி மனைவி பெயர் விடுபட்டாலோ, அது கவுன்டரில் வந்து நிற்கும்போதுதான் தெரிகிறது. அனுப்பிய அஞ்சலின் அச்சுப்படியை நீட்டினால் பெரும்பாலான ஊழியர்கள் பொறுமையாகத் திருத்தித் தருகிறார்கள். அச்சுப்படி இல்லாதவர் அன்றைய தேதியில் புதிதாகப் பதிந்து பட்டியலின் அடிக்குப் போகிறார்.

தேதியிலேயே இன்னொரு சிக்கல். உங்கள் பட்டியல் ஜூலியன் நாளிலும் (ஆண்டின் எத்தனையாவது நாள் என்ற எண்) கிரீன்விச் நேரத்திலும் ஓடுகிறது. மேரிலாந்தில் ஜூன் 14 இரவு 9 மணிக்கு அஞ்சல் அனுப்புபவரின் பதிவு, உங்கள் கணக்கில் ஜூன் 15 அதிகாலை 1 மணி. சாதாரண ஆண்டில் அது 166ஆம் நாள். அவரோ 165 என்று எண்ணிக்கொண்டு 60 நாளைக் கணக்கிடுகிறார். பெயர் ஏறியதும் வகை, ஜூலியன் நாள், நேரம், காலாவதியாகும் தேதி, பதிவான குடும்பத்தினர் எண்ணிக்கை, தேர்ந்தெடுத்த நாடுகள் ஆகிய ஆறையும் ஒரே செய்தியில் திருப்பி அனுப்புங்கள். கவுன்டரில் நடக்கும் வாக்குவாதங்களில் பாதி அங்கேயே தீர்ந்துவிடும்.

அடுத்தது, எங்களுக்கு மிக அதிகமாகச் செலவு வைப்பது: ரோல் காலின், அதாவது விமானத்துக்கு முன் பட்டியல் வரிசையில் பெயர் கூப்பிட்டு இருக்கை தருவதன், முடிவு. 72 மணி நேர அட்டவணையில் டெலவேர் மாநிலத்தின் டோவர் தளத்திலிருந்து ஜெர்மனியின் ராம்ஸ்டைன் தளத்துக்கு இத்தனை இருக்கை என்று பார்த்துவிட்டு, வாடகைக் கார் எடுத்து, தளத்துக்கு வெளியே ஹோட்டலில் தங்கி, ரோல் காலுக்கு முந்தைய 24 மணி நேரத்துக்குள் ‘வந்திருக்கிறேன்’ என்று பதிந்துவிட்டுக் காத்திருக்கிறோம். ஆறாம் வகைக்கு இன்று வாய்ப்பு உண்டா என்பதை அறிய ஒரே நல்ல வழி, முந்தைய விமானங்களில் கடைசியாக ஏறியவர் யார் என்பது. சில டெர்மினல்கள் கடந்த நாட்களின் கணக்கை வெளியிடுகின்றன. அதில் எத்தனை பேர் ஏறினார்கள் என்று மட்டும் இருந்தால் போதாது. ‘40 இருக்கை, 40 பேர் ஏறினர், கடைசியாக ஏறியவர் ஆறாம் வகை, பதிவு நாள் 148’ என்று ஒரு வரி இருந்தால், 160ஆம் நாள் பதிந்தவர் இன்னும் ஒரு வாரம் வீட்டிலேயே இருந்துவிடுவார். பெயர் எதுவும் தேவையில்லை, யாருடைய அந்தரங்கமும் கெடாது.

கோடையில் இது இன்னும் முக்கியம். பள்ளி விடுமுறையும் இடமாற்றங்களும் சேர்ந்து வரும் ஜூன், ஜூலையில் விடுப்பில் வரும் குடும்பங்களே இருக்கைகளை நிரப்பிவிடுகின்றன. நாள் 148 என்ன, நாள் 110 வரைகூட வராத விமானங்கள் இருக்கும். அதை முன்கூட்டியே தெரிந்துகொண்டால் நாங்களே செப்டம்பருக்குத் தள்ளிப்போட்டு உங்கள் கூடத்தில் கூட்டத்தைக் குறைப்போம்.

இருக்கை எண்ணிக்கை மாறுவது பற்றி. அட்டவணையில் ‘டி’ என்றால் உத்தேசம், ‘எஃப்’ என்றால் உறுதி என்பது தெரியும். சரக்கு விமானங்களான சி-17இன் பக்கச் சுவர்களில் 54 இருக்கைகள், சி-5இன் மேல்தளத்தில் 73. சில வகை ஆபத்தான சரக்கு ஏறினால் பயணிகளே கூடாது. வாகனம் ஏறினால் பக்கச் சுவர் இருக்கைகளை விரிக்க இடமிருக்காது. பணிப் பயணிகள் கடைசி நேரத்தில் சேர்வார்கள். சி-5 பழுதாகி நிற்பதும் புதிதல்ல. என்ன சரக்கு என்று கேட்பது எங்கள் வேலையும் அல்ல. இருக்கை எண்ணிக்கை குறையும்போது சரக்கு, பணிப் பயணி, பழுது, ரத்து என்று நான்கில் ஒரு சொல்லைப் போடுங்கள். பழுது என்றால் காத்திருப்போம், ரத்து என்றால் அறையைக் காலி செய்வோம். ரோல் கால் நேரத்தை முன்னுக்குக் கொண்டுவரும்போது மட்டுமாவது, வந்திருப்பதாகப் பதிந்தவர்களின் கைபேசிக்கு ஒரு குறுஞ்செய்தி வேண்டும். தாமதமானால் உட்கார்ந்திருப்போம், முன்னுக்கு வந்தால் காலை உணவுக்குப் போனவர் விமானத்தை விட்டுவிடுகிறார்.

பணியால் முழுமையான, நிரந்தர ஊனமுற்ற முன்னாள் வீரர்களுக்கு 2018இல் நிறைவேறிய சட்டம் இந்த வசதியைத் திறந்துவிட்டது. அவர்களில் பலர் மருத்துவமனை அட்டையை மட்டும் எடுத்துக்கொண்டு வருகிறார்கள். பாதுகாப்புத் துறையின் அடையாள அட்டை இல்லாமல் ஏற முடியாது என்பதையும், அவர்களுக்கான பயணம் அமெரிக்க நிலப்பரப்பு, அலாஸ்கா, ஹவாய், போர்ட்டோ ரீக்கோ, குவாம் போன்ற இடங்களோடு நின்றுவிடும், ராம்ஸ்டைன் கிடையாது என்பதையும் பதிவுப் படிவத்தின் தலைப்பிலேயே எழுதுங்கள். சக்கர நாற்காலியில் நெடுந்தூரம் வந்த ஒருவரிடம் கவுன்டரில் இதைச் சொல்ல நேர்வது உங்கள் ஊழியருக்கும் வேதனைதான்.

திரும்பும் பயணத்துக்கு, வந்திறங்கும் டெர்மினலிலேயே ஒரு பலகை வையுங்கள்: திரும்புவதற்குத் தனியாகப் பதிய வேண்டும், கடவுச்சீட்டில் நுழைவு முத்திரை இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும் என்று. முத்திரை இல்லாதவர், இருக்கை கிடைக்காமல் தனியார் விமானத்தில் திரும்பும்போது குடிநுழைவு மேசையில் மாட்டிக்கொள்கிறார்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றச் சொல்லவில்லை. டோவர், கலிபோர்னியாவின் டிராவிஸ் ஆகிய இரண்டு தளங்களில் மட்டும் பதிவு உறுதிச் செய்தியையும் ரோல் கால் முடிவு வரியையும் 60 நாள் நடத்திப் பாருங்கள். அந்த நாட்களில் கவுன்டருக்கு வரும் தொலைபேசி அழைப்புகளை எண்ணி, அதற்கு முந்தைய 60 நாளோடு ஒப்பிட்டு, கணக்கை வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
ஆறாம் வகைப் பயணிகள்