தலைவலி வாரக்கணக்கில் நீடித்தால் பூஞ்சையையும் தேடுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

இரண்டு மூன்று வாரமாகத் தலைவலி, விட்டுவிட்டுக் காய்ச்சல், வாந்தி. முதுகுத்தண்டு நீரை எடுத்துப் பார்த்தால் லிம்போசைட் எனும் வெள்ளணுவும் புரதமும் கூடி, சர்க்கரை குறைந்திருக்கிறது. உடனே காசநோய் மூளைக்காய்ச்சல் என்று சிகிச்சை தொடங்கிவிடுகிறது. காசநோய் மிகுந்த நம் நாட்டில் அப்படி நினைப்பது இயல்புதான். ஆனால் கிரிப்டோகாக்கஸ் பூஞ்சை தாக்கினாலும் அறிக்கை இப்படியே வரும். எச்.ஐ.வி. முற்றியவர்களுக்கு இம்மூன்றும் சரியாக இருந்தே ஏமாற்றிவிடுவதும் உண்டு.

காசநோய் மாத்திரையோடு கொடுக்கும் டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டெராய்டுதான் இங்கே ஆபத்து. எச்.ஐ.வி. உள்ள பூஞ்சை நோயாளிகளிடம் அதைக் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2016இல் வெளியானது. ஸ்டெராய்டு பெற்றவர்களுக்கு ஊனமும் பக்கவிளைவும் கூடியதால் அந்த ஆய்வைப் பாதியிலேயே நிறுத்த வேண்டியதாயிற்று.

முதுகுத்தண்டு நீரில் கறுப்பு மை கலந்து நுண்ணோக்கியில் பார்க்கும் இந்தியா இங்க் சோதனையை மட்டும் நம்பி 'பூஞ்சை இல்லை' என்று எழுதக் கூடாது. கறுப்புப் பின்னணியில் பூஞ்சையைச் சுற்றி வெள்ளை வளையம் தெரிந்தால் சரி, பூஞ்சை இருக்கிறது. பூஞ்சை குறைவாக இருந்தால், குறிப்பாக எச்.ஐ.வி. இல்லாதவர்களுக்கு, தெரியாமலே போகும். சாயமில்லாமல் செல் எண்ணும்போது பூஞ்சையையே லிம்போசைட்டாக எண்ணிவிடுவதும் நடக்கிறது. ஒரு மில்லி நீரை அனுப்பி அதிலேயே எல்லாச் சோதனையையும் கேட்டால் பூஞ்சைக்கு என்ன மிஞ்சும்? ஐந்து மில்லியாவது வேண்டும். சென்ட்ரிஃபியூஜில் சுழற்றி, அடியில் படிவதைத்தான் பார்க்க வேண்டும், கல்ச்சரிலும் (தட்டில் வளர்த்துப் பார்க்க) இட வேண்டும். பூஞ்சை முளைக்க ஒரு வாரம்கூட ஆகலாம். பாக்டீரியா கல்ச்சர்போல இரண்டே நாளில் தட்டைத் தூக்கிப் போட்டால் அதுவும் வீண்.

பூஞ்சையின் ஆன்டிஜனை (அதன் உறைப் பொருளை) கோடு விழுவதன் மூலம் காட்டும் கிரிப்டோகாக்கஸ் ஆன்டிஜன் பட்டையில் இவ்வளவு சிக்கல் இல்லை. ஒரு சொட்டு கரைசல், 40 மைக்ரோலிட்டர் மாதிரி, பத்து நிமிடம். முதுகில் ஊசி போட முடியாதவர்களுக்கு ரத்தத்திலும் செய்யலாம். ஆன்டிஜன் அளவுக்கு மீறி இருந்தால் கோடு மங்கலாகவோ விழாமலோ போகலாம். சந்தேகம் வலுவாக இருந்தால் மாதிரியை நீர்த்துத் திரும்பச் செய்ய வேண்டும்.

இன்னொன்று, நீர் எடுக்கும்போதே அழுத்தத்தை அளப்பது. நோயாளியை ஒருக்களித்துப் படுக்கவைத்து அளக்க வேண்டும். மானோமீட்டர் இல்லாவிட்டால் குளுக்கோஸ் ஏற்றும் குழாயும் அளவுநாடாவும் போதும். குழாயில் நீர் 25 செ.மீ.க்கு மேல் ஏறினால் நீரை வடித்து அழுத்தத்தைக் குறைப்பதே சிகிச்சையில் பாதி.

மாவட்டத் தலைமை மருத்துவமனை ஆய்வகங்கள் அனைத்திலும் இந்தப் பட்டை எந்நேரமும் கையிருப்பில் இருக்க அரசு ஏற்பாடு செய்ய வேண்டும். எச்.ஐ.வி. உள்ளவர்களில் சி.டி.4 (நோய் எதிர்ப்பு அணுக்கள்) எண்ணிக்கை 100க்குக் கீழே உள்ள ஒவ்வொருவருக்கும், தலைவலி வருமுன்பே, ரத்தத்தில் இதைச் செய்துவிட வேண்டும். எச்.ஐ.வி. இல்லை என்பதற்காக மற்றவர்களுக்கு இதைத் தவிர்க்கவும் கூடாது. உறுப்பு மாற்று செய்துகொண்டவர்கள், நெடுநாள் ஸ்டெராய்டு எடுப்பவர்கள், ஏன், வேறெந்த நோயும் இல்லாதவர்கள்கூட இந்தப் பூஞ்சைக்கு ஆளாகிறார்கள்.

– நுண்ணுயிரியல் ஆய்வக மருத்துவர்கள், மதுரை