செயலாளர் ஆண்டறிக்கை, 2024–25

தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், குடும்பத்தோடு வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

சென்ற ஆண்டு ஏப்ரல் முதல் இந்த ஆண்டு மார்ச் வரையிலான அறிக்கை இது. செயற்குழு மாதாமாதம் கூடியது. தீபாவளி மாதத்தில் மட்டும் ஒரு வாரம் தள்ளிப்போனது. வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியாக வாசிப்பார் என்பதால் அதற்குள் நான் போகவில்லை.

புதிதாகச் சேர்ந்தவர்களுக்காக ஒரு வார்த்தை. திருப்பூரில் பவர் டேபிள் (மின் தையல்), செக்கிங், அயர்னிங், பிரிண்டிங் என்று பனியன் கம்பெனிகளுக்குக் கூலிக்குச் செய்து கொடுக்கும் ஜாப் ஒர்க் யூனிட் நடத்தி, கடனில் விழுந்து, ஷட்டரை இறக்கிய குடும்பங்களுக்கான சங்கம் இது. 2016 பணமதிப்பிழப்பில் ஆட்டம் கண்டவர்கள் இருக்கிறோம். 2020 ஊரடங்கில் படுத்தவர்கள் இருக்கிறோம். இந்த ஆண்டு வந்தவர்களில் பெரும்பாலோர் 2022 நூல் விலை ஏற்றத்தில் அடிபட்டு, அப்புறமும் வட்டிக்கு வாங்கி வட்டி கட்டி இழுத்துப் பார்த்தவர்கள். சிலர் கோர்ட்டில் ஐ.பி., அதாவது திவால் மனு, போட்டிருக்கிறார்கள். பலர் அதுகூட இல்லாமல் மிஷினை விற்றுக் கொடுத்துவிட்டு, வேறு யூனிட்டில் பீஸ் ரேட்டுக்கு உட்கார்ந்திருக்கிறார்கள்.

இந்த ஆண்டின் முக்கியமான மாற்றத்துக்கு வருகிறேன். புதிதாக விழுந்த குடும்பத்துக்கு ஒரு மாத மளிகை வாங்கிக் கொடுப்பது நம் வழக்கம். அது நல்ல காரியம், நிறுத்தவில்லை. ஆனால் இரண்டாவது மாதம் அந்த வீட்டில் உலை வைப்பதற்கு என்ன வழி என்ற கேள்விக்கு நம்மிடம் பதில் இல்லாமல் இருந்தது. எனவே மளிகைப் பையோடு செயற்குழுவிலிருந்து இருவர் அந்த வீட்டுக்குப் போய், முதலில் காகிதங்களைப் பார்ப்பது என்று ஜூனில் தீர்மானித்தோம். போன வீடுகளில் எல்லாம் ஒரே கதைதான். தொழில் போய்விட்டது, காகிதத்தில் மட்டும் ஆள் இன்னும் முதலாளியாகவே இருக்கிறார்.

ரேஷன் அட்டையையே எடுத்துக்கொள்ளுங்கள். நன்றாக ஓடிய காலத்தில் 'நமக்கெதுக்கு ரேஷன் அரிசி' என்று சர்க்கரை அட்டையோ, எந்தப் பொருளும் வாங்காத அட்டையோ எடுத்தவர்கள் நம்மில் நிறையப் பேர். இன்றைக்கு அந்த அட்டையை நீட்டினால் அரிசி கிடைக்காது. அரிசி அட்டையாக இருந்தால், முன்னுரிமை இல்லாத குடும்பத்துக்கும் உறுப்பினர் எண்ணிக்கையைப் பொறுத்து மாதம் 12 முதல் 20 கிலோ வரை விலையில்லாமல் வரும். துவரம் பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25 ரூபாய். போன கோடையில் வெளிக்கடையில் துவரம் பருப்பு என்ன விலை விற்றது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அட்டை வகையை மாற்ற வட்ட வழங்கல் அலுவலரிடம் மனு கொடுக்க வேண்டும். இரண்டாம் சனிக்கிழமை குறைதீர் முகாமிலும் கொடுக்கலாம். மனு எழுதித் தரும் வேலையை நம் இளைஞர்கள் இருவர் எடுத்துக்கொண்டார்கள். வீடு மாறிப் போனவர்களுக்கும் ஒன்று சொல்கிறேன்: தமிழ்நாட்டுக்குள் எந்தக் கடையிலும் கைரேகை வைத்து வாங்கலாம். பழைய தெருவில் பழைய ஆட்கள் முன்னால் வரிசையில் நிற்கக் கூச்சமாக இருந்தால் பக்கத்து வார்டுக் கடைக்குப் போங்கள். கூச்சப்பட்டு வாங்காமல் மட்டும் இருந்துவிடாதீர்கள்.

2024 மே மாதம் பருப்பும் பாமாயிலும் வரத் தாமதமானபோது, அந்த மாத ஒதுக்கீட்டை ஜூனில் வாங்கிக்கொள்ளலாம் என்று அரசு அறிவித்தது. அது தெரியாமல் விட்டவர்கள் நம்மிலேயே உண்டு. இனி இதுமாதிரி அறிவிப்புகள் நம் வாட்ஸ்அப் குழுவில் வரும்; காலை வணக்கப் படங்களைக் குறைத்தால் அவை கண்ணில் படும்.

ரேஷன் அரிசியில் மிதப்பது பிளாஸ்டிக் என்று சிலர் பொறுக்கிப் போடுகிறார்கள். அது இரும்புச் சத்தும் ஃபோலிக் அமிலமும் சேர்த்த செறிவூட்டப்பட்ட அரிசி; நூறுக்கு ஒன்று என்ற கணக்கில் கலந்து வருகிறது. போட்டு ஆக்குங்கள். அரிசியும் பருப்பும் சாதத்துக்கு அந்த அரிசி எந்தக் குறையும் வைப்பதில்லை என்பது மகளிர் அணி அக்காமார் ஆக்கிப்போட்டு, நாங்கள் சாப்பிட்டுச் சொன்ன தீர்ப்பு.

அடுத்தது மகளிர் உரிமைத் தொகை. 2023 செப்டம்பரிலிருந்து மாதம் ஆயிரம் ரூபாய். விழுந்த வீட்டுக்கு அந்த ஆயிரம் என்பது கேஸ் சிலிண்டரும் சோப்புப் பொருட்களும். நம் உறுப்பினர் வீடுகளில் பல விண்ணப்பங்கள் தள்ளுபடியானதற்குக் காரணம் பழைய பதிவுகள். கார் வைத்திருப்பவர் குடும்பத்துக்கு இல்லை என்பது விதி. காரை ஃபைனான்ஸ்காரர் தூக்கிப்போய் நாளாகிவிட்டது, ஆர்.சி. என்ற வண்டிப் பதிவு மட்டும் நம் பெயரில் நிற்கிறது. ஆண்டுக்கு 50 லட்சத்துக்கு மேல் விற்பனை காட்டி ஜி.எஸ்.டி. கட்டுபவருக்கு இல்லை என்பதும் விதி. யூனிட்டை மூடியவர் பதிவை ரத்து செய்திருக்க மாட்டார். ரத்து செய்யாவிட்டால், விற்பனையே இல்லை என்று காட்டும் பூஜ்ய ரிட்டர்னைப் போடாமல் விட்டாலும் தாமதக் கட்டணம் நாளுக்கு 20 ரூபாய் வீதம், ரிட்டர்ன் ஒன்றுக்கு 500 ரூபாய் வரை ஏறும். ரத்தான பிறகு மூன்று மாதத்துக்குள் கடைசி ரிட்டர்னும் போட வேண்டும். அதேபோல் யூனிட்டின் மின் இணைப்பை ஒப்படைக்காதவர்களுக்கு, ஒரு பல்பு எரியாவிட்டாலும் நிலைக்கட்டணம் வந்துகொண்டே இருக்கும். ஒப்படைத்தால் பாக்கி போக மீதி வைப்புத்தொகை திரும்பி வரும். அந்தப் பணத்தில் ஒரு வீட்டுக்குக் குழந்தைகளின் பள்ளிச் செலவு கழிந்தது.

மின்சாரம் என்றதும் இன்னொன்று. வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். வாடகை வீட்டில் சப்-மீட்டர் வைத்து யூனிட்டுக்கு இவ்வளவு என்று உரிமையாளர் வாங்கினால் அந்தச் சலுகை நம் கைக்கு வராது. வீடு பார்க்கும்போதே தனி இணைப்பு இருக்கிறதா என்று கேளுங்கள். வாடகை இருநூறு ரூபாய் கூட இருந்தாலும் பெரும்பாலும் அதுதான் லாபம்.

ஜப்தி பற்றிய கூட்டத்துக்கு வழக்கறிஞர் ஒருவர் கட்டணம் வாங்காமல் வந்து பேசினார். தனிநபருக்கு நம் பக்கம் இன்றும் பொருந்துவது 1920-ஆம் ஆண்டின் மாகாணத் திவால் சட்டம்தான் என்றார். கடனாளியின் சொத்து நீதிமன்றத்தின் பொறுப்புக்குப் போனாலும், உரிமையியல் நடைமுறைச் சட்டம் 60-ஆம் பிரிவு விலக்கி வைத்த பொருட்கள் போகாது. உடுத்தும் துணி, சமையல் பாத்திரம், பாய் படுக்கை, மதவழக்கப்படி பெண் கழற்றக்கூடாத நகை, கைத்தொழிலாளியின் கருவி ஆகியவை அதில் அடங்கும். அடமானம் எழுதிக்கொடுத்த மிஷினுக்கு இது பொருந்தாது என்பதையும் சொன்னார். வசூல் ஆட்கள் காலை 8 மணிக்கு முன்பும் இரவு 7 மணிக்குப் பிறகும் போன் செய்யக் கூடாது என்ற ரிசர்வ் வங்கி விதியைக் கேட்டதும் கூட்டத்தில் எழுந்த சிரிப்பு கசப்பானது. ஒரு உறுப்பினர் வீட்டில் வசூலுக்கு வந்தவர்கள் மிக்சியையும் குக்கரையும் எடுத்துப்போயிருந்தார்கள். அந்த விவரத்தோடு காவல் நிலையத்தில் மனு கொடுத்தோம். குக்கர் திரும்பி வந்தது, மிக்சி வரவில்லை.

அதற்குப் பிறகுதான் அலுவலக அறையின் பின்பக்கத்தில் பொருள் அலமாரி வைத்தோம். பயன்படுத்தாத மிக்சி, தோசைக்கல், குக்கர், மின்விசிறி, பாய், போர்வை எதுவானாலும் கொண்டுவந்து வைக்கலாம். தேவைப்படுகிறவர் எழுதி வைத்துவிட்டு எடுத்துப் போகலாம். 2011-க்குப் பிறகு அரசு கொடுத்த கிரைண்டர்கள் பல வீட்டுப் பரணில் தூங்குகின்றன. பெல்ட் மாற்றினால் ஓடும். குக்கருக்குப் பெரும்பாலும் கேஸ்கட்தான் கோளாறு. பழுது பார்க்கத் தெரிந்த உறுப்பினர் ஞாயிறு காலையில் வருகிறார். அவருக்கு டீ வாங்கிக் கொடுக்கும் செலவு மட்டுமே சங்கத்துக்கு. துணி விஷயத்தில் நாம் கவலைப்பட்டதே இல்லை. பனியன் துணிக் கடைகள் நிறைந்த காதர்பேட்டை இருக்கிற ஊரில் பிள்ளைகளுக்கு உடுப்பு இல்லை என்றால் நம்பமாட்டார்கள்.

கூட்டுக் கொள்முதலை மகளிர் அணி ஐப்பசியில் தொடங்கியது. ரேஷனில் வராத புளி, மிளகாய், மல்லி, உளுந்து, துணி சோப்பு ஆகியவற்றை மொத்தக் கடையில் மூட்டையாக வாங்கிப் பிரிக்கிறார்கள். ரொக்கம் கொடுத்தவருக்கே பொருள், கடன் கிடையாது. 'நம்மாளுக்கே கடன் இல்லையா' என்று இரண்டு பேர் சண்டை போட்டார்கள். மகளிர் அணி அசையவில்லை, நானும் அவர்கள் பக்கம்தான். பாதிக் குடும்பங்களை மளிகைக் கடை நோட்டுதான் இன்னும் இழுத்துக்கொண்டிருக்கிறது. அங்கே கடன் இருப்பதால் விலை கேட்க வாய் வருவதில்லை. காய்க்குத் தெற்கு உழவர் சந்தை. விடியலில் போனால் நல்ல காய், கட்டும் நேரத்தில் போனால் மலிவான காய். பெண்களுக்கு டவுன் பஸ் இலவசம் என்பதால் போகும் வேலை வீட்டு அக்காமாருக்கே விழுகிறது என்ற புகாரும் வந்தது. நியாயமான புகார். ஆண்கள் சைக்கிளை எடுக்கலாம்.

சங்கமே ஏலச்சீட்டு நடத்தலாம் என்ற யோசனை இந்த ஆண்டும் வந்தது. செயற்குழு ஏற்கவில்லை. நம்மில் எத்தனை பேர் சீட்டில் போனவர்கள் என்பது நமக்கே தெரியும். உதவி பெற்றவர் பெயரைப் பலகையில் எழுதலாம் என்பதும் தள்ளப்பட்டது. உறுப்பினர் எண் மட்டும் கணக்கில் இருக்கும், தணிக்கையாளர் பார்ப்பார்.

வரும் ஆண்டுக்கு இரண்டு வேலைகள். தனியார் பள்ளிக் கட்டணம் கட்ட முடியாமல் மாற்றுச் சான்றிதழ் நிறுத்தி வைக்கப்பட்ட பிள்ளைகளின் விவரத்தைத் திரட்டி, கல்வி அதிகாரிகளிடம் ஒன்றாக மனு கொடுப்பது. தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளை அரசுப் பள்ளியில் சேர்த்தால் காலை உணவும் மதிய உணவும் அங்கேயே கிடைக்கும் என்பதையும் பெற்றோர் கணக்கில் எடுக்க வேண்டும். இரண்டாவது, பொருள் அலமாரிக்கு ஒரு பூட்டு. ஏன் என்று கேட்காதீர்கள். கிரைண்டர் ஒன்று எழுதாமலே போயிருக்கிறது. எடுத்தவர் நோட்டில் ஒரு வரி எழுதிவிட்டால் போதும்.

கூட்டத்துக்கு அறை தந்தவருக்கும், கூட்டுக் கொள்முதலுக்கு எடைத் தராசு கொடுத்தவருக்கும் நன்றி. இந்த அறிக்கையை ஏற்றுத் தருமாறு பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்
திருப்பூர்