பாப்பாவுக்கு, லேப்டாப் சூட்டைப் பற்றி

அன்புள்ள பாப்பா,

லேப்டாப் கொதிக்கிறது, சிப்பில் தடவியிருக்கும் தெர்மல் பேஸ்டை மாற்றலாமா என்று ஒரே வரி எழுதி, கூடவே சூட்டைப் பதிந்து வைத்த லாக் ஃபைலையும் அனுப்பியிருந்தாய். போனில் சொன்னால் பாதியிலேயே "சரிம்மா, வைக்கிறேன்" என்பாய். அதனால்தான் எழுதுகிறேன். கடைசி வரை படி. கையில் ஸ்க்ரூடிரைவரை எடுக்கும் முன் இன்னொரு முறை படி.

பேஸ்டுக்கு முன்னால் டச்பேட். கொஞ்ச நாள் முன்பு பேச்சுவாக்கில் "டச்பேட் முன்ன மாதிரி அழுந்த மாட்டேங்குது" என்றாய். அதிலிருந்து எனக்கு அதே நினைப்பு. நிறைய லேப்டாப்களில் கை வைக்கும் இடத்துக்கு நேர் கீழேதான் பேட்டரி இருக்கும். அது உப்பினால் டச்பேட் மேலே தள்ளும், கிளிக் விழாது, அடி மூடி புடைக்கும். ஆகவே அணைத்து, மூடி, சமமான மேஜையில் வைத்து மூலைகளை லேசாக விரலால் தொட்டுப் பார். ஆடுகிறதா, மூடி ஓரத்தில் இடைவெளி தெரிகிறதா என்று கவனி. அப்படி இருந்தால் சார்ஜ் போடாதே, கேமும் வேண்டாம். உப்பிய பேட்டரியைக் குத்தவோ, அழுத்தவோ, நெம்பவோ கூடாது. தெரிந்தவர்கள் கையில் கொடுத்து அதை மாற்றியபின் மற்றதைப் பார்க்கலாம். இதில் அலட்சியம் வேண்டாம், கண்ணு.

பேட்டரி நன்றாக இருக்கிறது என்றால் மேலே படி.

லாக்கை வரி வரியாகப் பார்த்தேன். கேம் தொடங்கிய சில நொடிகளில் ப்ராசஸர் 58 டிகிரியிலிருந்து 96க்குத் தாவுகிறது. மூடினால் அதே வேகத்தில் இறங்குகிறது. காற்றுப் பாதை மட்டும் அடைத்திருந்தால் இப்படி இராது. சிப் மேல் உட்கார்ந்து சூட்டை இழுக்கும் தாமிர ஹீட் சிங்க் முழுவதும் சூடேறி, நிமிடக் கணக்கில் மெல்ல மெல்ல ஏறும், இறங்கவும் நேரம் எடுக்கும். உன்னுடையதில் சூடு சிப்பை விட்டுத் தாமிரத்துக்கே சரியாகப் போய்ச் சேரவில்லை. இன்னொன்றும் பார்த்தேன். ப்ராசஸருக்குள் இருக்கும் கோர்களில் ஒன்று 97இல் நிற்கும்போது வேறொன்று 81தான். இவ்வளவு வித்தியாசம் வந்தால் ஒரு பக்கம் பேஸ்ட் இல்லை, அல்லது ஹீட் சிங்க் ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். கிராஃபிக்ஸ் சிப்பிலும் சராசரிக்கும், அதிலேயே அதிகம் சுடும் இடமான ஹாட்ஸ்பாட்டுக்கும் இடையே 25 டிகிரிக்கு மேல் இருக்கிறது. தெர்மல் த்ராட்லிங் கட்டத்தில் வரிசையாக யெஸ், யெஸ், யெஸ். சிப் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைக் குறைத்துக்கொண்டே இருக்கிறது. நீ சொன்ன திக்கித் திக்கி ஓடுவது அதனால்தான்.

இதில் பயப்பட ஒன்றும் இல்லை. லேப்டாப் இன்டெல் சிப்களுக்குப் பெரும்பாலும் 100 டிகிரிதான் எல்லை, ரைசனுக்கு மாடலைப் பொறுத்து 95 முதல் 105 வரை. அதைத் தொட்டால் தானே குறைத்துக்கொள்ளும், அதற்கும் அடங்காவிட்டால் அணைந்துவிடும். சிப் அவ்வளவு சுலபமாகக் கருகாது. ஆனால் அந்தச் சூட்டைச் சுற்றியிருக்கும் மற்றவை தாங்க வேண்டுமே. பேட்டரி பக்கத்திலேயே படுத்திருக்கிறது.

டெஸ்க்டாப் ப்ராசஸருக்கு மேலே உலோக மூடி இருக்கும். லேப்டாப்பில் அது கிடையாது. கண்ணாடி மாதிரிப் பளபளக்கும் சிலிக்கான் மேலேயே நேராகத் தாமிரத் தகடு உட்காரும். சூடாகும்போது இரண்டும் வேறு வேறு அளவில் விரிகின்றன, ஆறும்போது சுருங்குகின்றன. தினமும் பல முறை இது நடக்க, நடுவிலிருக்கும் பேஸ்ட் கொஞ்சம் கொஞ்சமாக ஓரத்துக்குப் பிதுங்கிவிடும். மிச்சமிருப்பது காய்ந்துபோகும். நீ ஹீட் சிங்கைத் தூக்கும்போது பார், சிப்பின் நடுவில் அரைகுறைப் பூச்சும் ஓரத்தில் கட்டியாக ஒரு கரையும் இருக்கும்.

நான் ஆம்ப்ளிஃபையர் பெஞ்சில் இருந்த காலத்தில் 2என்3055 டிரான்சிஸ்டரை அலுமினியத் தகட்டில் பொருத்துவோம், நினைவிருக்கிறதா? நடுவில் மைக்கா, அதன் இரு பக்கமும் அந்த வெள்ளை பேஸ்ட். நீ பெஞ்சுக்கு அடியில் உட்கார்ந்து ஸ்க்ரூவையெல்லாம் அளவு பிரித்து வைப்பாய். எம்3 எது, எம்2.5 எது என்று கையில் எடுத்தவுடனே சொல்வாய். பெரியவர்களே தடுமாறுவார்கள். அதனால்தான் இந்த வேலையை நீயே செய் என்று தைரியமாகச் சொல்கிறேன். உன் கை நல்ல கை. அவசரம் மட்டும்தான் அதற்கு எதிரி.

பேஸ்ட் எதற்கு என்பது புரிந்தால் எவ்வளவு போடுவது என்பதும் தானே புரியும். வெப்பம் கடத்துவதில் தாமிரம் சுமார் 400 என்றால் காற்று 0.026தான். நல்ல பேஸ்டே 10 பக்கத்தில்தான் வரும். தாமிரத்தோடு பார்த்தால் அது ஒன்றுமே இல்லை. இரண்டு பரப்புக்கும் நடுவே கண்ணுக்குத் தெரியாத மேடுபள்ளங்களில் காற்று நிற்கும் இடத்தை அது பிடித்துக்கொள்கிறது, அவ்வளவுதான். ஆகவே மெல்லியதாக இருக்க வேண்டும், ஆனால் சிப்பின் மூலை வரை இருக்க வேண்டும். மூடி இல்லாத சிப்பில் ஒரு மூலை விட்டுப்போனாலும் அந்த மூலையில் இருக்கும் கோர் கொதிக்கும். கூடுதலாகப் போனால் ஓரத்தில் பிதுங்கும், மின்சாரம் கடத்தாத பேஸ்டாக இருந்தால் அதில் கெடுதல் இல்லை. குறைவாகப் போடுவதுதான் கெடுதல்.

இனி வேலை. ஐந்து நிமிடம் ஓட விட்டு, வெதுவெதுப்பாக்கிவிட்டு அணை. பழைய பேஸ்ட் இளகியிருந்தால் ஹீட் சிங்க் சுலபமாக வரும். ஸ்லீப்பில் போட்டுவிட்டுத் திறக்காதே, முழுதாக ஷட்டவுன் செய். சார்ஜரைப் பிடுங்கு. அடி மூடி ஸ்க்ரூக்கள் நீளம் வேறு வேறாக இருக்கும். காகிதத்தில் மூடியை வரைந்து அந்தந்த இடத்திலேயே ஒட்டி வை. நீளமானதைக் குட்டையானதன் ஓட்டையில் முடுக்கினால் மேல் தகட்டைக் குத்திவிடும். மூடியைப் பிளாஸ்டிக் அட்டையால் நெம்பு, இரும்பு வேண்டாம்.

திறந்ததும் முதல் வேலை பேட்டரி கனெக்டரைக் கழற்றுவது. வயரைப் பிடித்து இழுக்காமல் கனெக்டரைப் பிடித்துக் கழற்று. பிறகு பவர் பட்டனை 15 நொடி அழுத்திப் பிடி, மிச்சமிருக்கும் மின்சாரம் வடியட்டும். இதற்கு முன்னால் எதையும் தொடாதே. பேட்டரி கனெக்டர், பாப்பா. மற்றதெல்லாம் அதற்கு அப்புறம்தான்.

ஹீட் சிங்க் ஸ்க்ரூக்கள் பக்கத்தில் பெரும்பாலும் 1, 2, 3 என்று எண் இருக்கும். கழற்றும்போது கடைசி எண்ணிலிருந்து திரும்பி வா, ஒவ்வொன்றையும் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்து. ஃபேன் வயர்களை எடுத்துவிட்டு, ஹீட் சிங்கை மெல்ல அசைத்துத் தூக்கு. வெடுக்கென்று இழுத்தால் சிப்பின் மூலை உடையும். உடனே துடைக்காமல் பேஸ்ட் எப்படிப் பரவியிருக்கிறது என்று ஒரு படம் எடுத்து எனக்கு அனுப்பு. வெள்ளி மாதிரி மினுமினுப்பாக இருந்தால் அப்படியே நிறுத்து. அது லிக்விட் மெட்டல். சில கேமிங் லேப்டாப்களில் கம்பெனியிலேயே அதைத்தான் போட்டு அனுப்புகிறார்கள். அது மின்சாரம் கடத்தும், ஒரு துளி சிதறினால் மதர்போர்டு போச்சு. அலுமினியத்தையும் அரித்துவிடும். உன் மாடலில் என்ன போட்டிருக்கிறார்கள் என்று திறக்கும் முன்பே தேடிப் பார்த்துவிடு.

சாதாரணப் பேஸ்ட் என்றால் ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சு உதிராத துணியால் துடை. 99 சதவீதம் கிடைத்தால் நல்லது. சுற்றியுள்ள குட்டிக் குட்டிக் கெப்பாசிட்டர்கள் மேல் அழுத்தாதே. மெமரி சிப்கள் மேல் ஒட்டியிருக்கும் மெத்தென்ற தெர்மல் பேட்களைத் தொடாதே. கிழிந்தால் அதே தடிமனில் புதியது போட வேண்டும். அரை மில்லிமீட்டர் கூடினாலும் ஹீட் சிங்க் தூக்கிக்கொள்ளும், சிப்பில் சரியாக உட்காராது.

ஃபேனுக்கும் தாமிரச் சீப்புக்கும் நடுவே பார். வெளியிலிருந்து ஊதினால் போகாத தூசி அங்கே கம்பளித் துணி மாதிரிப் படிந்திருக்கும். அதைக் கையால் உரித்தே எடுக்கலாம். காற்று அடித்தால் ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள். தறிகெட்டுச் சுற்ற விட்டால் பேரிங் போய்விடும்.

எந்தப் பேஸ்ட் என்று அடுத்துக் கேட்பாய். ரொம்ப இளகிய பேஸ்ட் முதல் நாள் அருமையாக இருக்கும், சீக்கிரமே பிதுங்கிப் போகும். லேப்டாப்புக்குக் கெட்டியானது நல்லது. என்னைக் கேட்டால் பேஸ்டுக்குப் பதில் வைக்கும் ஹனிவெல்லின் பிடிஎம்7950 என்ற மெல்லிய ஷீட் கிடைத்தால் அதைப் போடு. அறைச் சூட்டில் திடமாக இருக்கும், 45 டிகிரி வாக்கில் இளகிப் பரவும், எளிதில் பிதுங்காது. சில முறை சூடாகி ஆறிய பிறகுதான் சரியாகப் படியும். முதல் நாள் எண்ணைப் பார்த்துவிட்டு வருத்தப்படாதே.

மூடும்போது 1, 2, 3 என்ற வரிசையில் சுற்றிச் சுற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக முடுக்கு. நின்றதும் விட்டுவிடு. ஃபேன் வயரை மறக்காதே. பேட்டரி கனெக்டர் கடைசியில்.

இவ்வளவும் செய்தால் 10 டிகிரி, ஏன் அதற்கு மேலும் இறங்கலாம். ஆனால் 60க்கு வரும் என்று எதிர்பார்க்காதே. இடம் கிடைத்ததும் சிப் இன்னும் வேகமாக ஓடப் பார்க்கும், எண் திரும்பவும் கொஞ்சம் ஏறும். 85 சுமாருக்கு வந்து த்ராட்லிங் நின்றால் போதும். இன்னும் குறைக்க, கேம் நொடிக்கு எத்தனை படம் காட்டுகிறது என்கிற ஃபிரேம் ரேட்டை 60இல் கட்டு. பவர் ஆப்ஷன்ஸில் மேக்சிமம் ப்ராசஸர் ஸ்டேட்டை 99 ஆக்கினால் சிப் கூடுதல் வேகம் எடுக்கும் டர்போ பெரும்பாலும் நின்றுவிடும். சார்ஜை 80 சதவீதத்தில் நிறுத்தும் வசதி இருந்தால் போட்டுவை, பேட்டரிக்கு நல்லது. முக்கியமாக, மெத்தை மேல் வைக்காதே. காற்று உறிஞ்சுவதே அடியிலிருந்துதான். எத்தனை தடவை சொல்லியிருக்கிறேன்? நீ அனுப்பிய படத்திலும் தலையணை மேல்தான் இருக்கிறது.

அப்பாவின் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. உன்னைக் கேட்டார். அக்கா வந்துவிட்டுப் போனாள், குட்டி இப்போது நன்றாகப் பேசுகிறான். மற்றதை நேரில் சொல்கிறேன். டச்பேடை இன்றைக்கே பார்த்துவிடு.

லாக்கில் முதல் கட்டம் தேதி, இரண்டாவது நேரம். சூட்டைப் பார்க்கத்தான் திறந்தேன். ஆனால் நேரமும் கண்ணில் படத்தானே செய்கிறது. விடியற்காலை 3:40, 4:15. பகல் 11 மணி, 2 மணி. திங்கள், செவ்வாய், புதன். இவ்வளவு நேரம் ஓடினால் எந்தப் பேஸ்டும் காயத்தான் செய்யும். அதைத்தான் சொல்ல வந்தேன். அப்பாவிடம் லாக்கைக் காட்டவில்லை, சூடு என்று மட்டும் சொல்லியிருக்கிறேன்.

அந்த லேப்டாப்பை உன் சொந்தச் சம்பாத்தியத்தில் வாங்கியபோது ஊரெல்லாம் சொல்லித் தீர்த்தேன். இப்போதும் சொல்வேன். நீ எந்த வேலையில் இருந்தாலும் சொல்வேன், நடுவில் கொஞ்ச நாள் சும்மா இருந்தாலும் சொல்வேன். தனியாகத் திறக்கத் தயக்கமாக இருந்தால் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு இங்கே வா. பெஞ்ச் அப்படியேதான் இருக்கிறது, ஸ்க்ரூடிரைவர் செட்டும் இருக்கிறது. ஒரு நாள் வேலைதான். பத்து நாள் இருந்துவிட்டுப் போனாலும் யாரும் ஏன் என்று கேட்க மாட்டோம். நான் கேட்க விட மாட்டேன்.

பேஸ்ட் மாற்றியபின் அதே கேமை அரை மணி நேரம் ஓட்டி, புது லாக்கை அனுப்பு. கோர்களுக்கு இடையே வித்தியாசம் குறைந்திருக்கிறதா என்று நான் பார்க்க வேண்டும். நேரக் கட்டத்தை அழித்துவிட்டு அனுப்பினாலும் பரவாயில்லை. அனுப்பு.

அன்புடன்,
அம்மா