ஆர் வீட்டுப் பிள்ளை?

அன்புள்ள மகளுக்கு,

உன் நூலகத்தில் புது வாசிப்பறை திறக்கும் நாளில், இது அபெனாக்கி என்ற பழங்குடி மக்களின் நிலம் என்று சொல்லி நாலு வரி வாசிக்க வேண்டும், அதை உன்னையே எழுதச் சொல்லிவிட்டார்கள், எந்த அபெனாக்கியரின் பெயரைப் போடுவது என்று கேட்டிருந்தாய். நீ இருக்கிற அமெரிக்காவின் வெர்மாண்ட் மாநில அரசு அங்கீகரித்த நாலு குழுக்கள் அங்கேயே இருக்கின்றன. இந்தப் பக்கம் கியூபெக்கில் இருக்கிற ஒடானாக் மக்களோ, அவர்கள் எங்கள் ஆட்களே இல்லை என்கிறார்கள். போனில் சொல்லி முடிகிற கதை இல்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில் நீ இருக்கிற பேர்லிங்டன். ஷாம்ப்ளேன் ஏரிக்கரையில் நின்றால் தண்ணீருக்குள் ஒரு சிறு பாறை தெரியும். அபெனாக்கியருக்கு அது ஓட்சிஹோசோ. மண்ணிலிருந்து தன்னைத்தானே உருவாக்கிக்கொண்டவன். கால்கள் முளைக்கும் முன்னரே நகரத் தொடங்கி, உடம்பை இழுத்து இழுத்துப் போன தடங்கள்தான் ஆறுகளாகவும் பள்ளத்தாக்குகளாகவும் ஆயினவாம். கடைசியாக இந்த ஏரியைச் செய்து, அதன் அழகை விட்டுப் போக மனமில்லாமல் கல்லாகி அங்கேயே உட்கார்ந்துவிட்டான். ஆகவே அவர்களுடைய வம்சக்கதை உன் வீட்டுக்குக் கிட்டத்தான் தொடங்குகிறது. வெர்மாண்ட், நியூ ஹாம்ப்ஷயர், மெயின், கியூபெக்கின் தெற்குப் பகுதி எல்லாம் சேர்ந்தது அவர்கள் நாடு. எல்லைக்கோடு பிறகு வந்தது.

அப்படியென்றால் இன்றைக்கு ஏன் அவர்களுடைய ஊர்களான ஒடானாக்கும் வோலினாக்கும் கியூபெக்கில் இருக்கின்றன? 1616க்குப் பிறகு கரையோரத்தில் பரவிய நோய் ஊர் ஊராகக் கொன்றது. 1675இல் தொடங்கிய போருக்குப் பிறகு நியூ இங்கிலாந்துக் குடியேறிகளின் நெருக்குதல் தாங்காமல் குடும்பங்கள் வடக்கே நகர்ந்தன. பிரெஞ்சுப் பாதிரிமார் நடத்திய மிஷன் ஊர்களில் வெவ்வேறு ஆற்றங்கரைச் சனங்கள் ஒன்றாகச் சேர்ந்தார்கள். செயின்ட் பிரான்சுவா ஆற்றங்கரையில் உள்ள ஒடானாக் அப்படி உருவானது. ஆனாலும் வேட்டைக்கும் மீன்பிடிக்கும் தெற்கே போய்வருவதை அவர்கள் நிறுத்தவில்லை.

1759 அக்டோபர் 4ஆம் திகதி விடியற்காலையில் பிரித்தானியப் பக்கம் போரிட்ட ராபர்ட் ரோஜர்ஸ் தன் படையோடு வந்து ஒடானாக்கை எரித்தார். தேவாலயமும் அதிலிருந்த மிஷன் ஏடுகளும் போயின. 200 பேரைக் கொன்றதாக ரோஜர்ஸ் எழுதிவைத்தார். பிரெஞ்சுக்காரர் எண்ணியது ஏறக்குறைய 30 பேர், அதில் பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். ஏன் இவ்வளவு வித்தியாசம் என்பதற்கான விளக்கம் எந்தப் படைத்தளபதியின் அறிக்கையிலும் இல்லை, ஒடானாக் பாட்டிமாரின் வாயில் இருந்தது. கோர்டன் டே என்ற மானுடவியலாளர் அந்த ஊர் வயதானவர்களிடம் கேட்டு அதைப் பதிவு செய்தார். முதல்நாள் இரவு ஊரில் ஆட்டம் நடந்துகொண்டிருந்தது. காற்று வாங்க வெளியே வந்த ஒரு பெண்ணிடம், இருட்டில் நின்ற வேற்றூர் ஆள் ஒருவன், விடியமுன் தாக்கப்போகிறார்கள் என்று எச்சரித்திருக்கிறான். நம்பியவர்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஒளிந்தார்கள். அவர்கள் தப்பினார்கள். இருநூறு வருடமாக இந்தக் கதை அத்தை, பாட்டி என்று கை மாறி வந்திருக்கிறது. ஆரிடம் ஆர் சொன்னார் என்ற வரிசையோடு வந்திருக்கிறது. வம்சாவளி என்றால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது இதுதான்.

அடுத்தது ஜில் குடும்பம். இதைக் கொஞ்சம் நிதானமாக வாசி. 1697இல் மாசசூசெட்ஸின் சாலிஸ்பரியிலிருந்து சாமுவேல் ஜில் என்ற ஆங்கிலச் சிறுவனை அபெனாக்கியர் பிடித்துக்கொண்டு வந்தார்கள். ஒடானாக்கில் வளர்ந்தான். அவனைப் போலவே பிடிபட்டு வந்த இன்னொரு ஆங்கிலப் பெண்ணைக் கட்டினான். 1719இல் பிறந்த அவர்களுடைய மகன் ஜோசப்-லூயி ஜில் பின்னாளில் அந்த ஊருக்கே தலைவரானார். இரத்தம் பார்த்தால் அவர் உடம்பில் ஒரு துளி அபெனாக்கி இல்லை. அது அங்கே ஒருவருக்கும் பிரச்சினையாக இருக்கவில்லை. தத்தெடுத்தால் பிள்ளை பிள்ளைதான். அவருடைய அபெனாக்கி மனைவி மரி-ஜானை ரோஜர்ஸின் படை பிடித்துக்கொண்டு போனது. அவர் திரும்பி வரவில்லை.

இதிலே ஒரு திருப்பம் இருக்கிறது. 1754இல் நியூ ஹாம்ப்ஷயர் எல்லையில் உள்ள நாலாம் எண் கோட்டைக்குக் கிட்ட இருந்த வீட்டிலிருந்து சுசன்னா ஜான்சன் என்ற பெண்ணைக் குடும்பத்தோடு பிடித்து வந்தார்கள். வருகிற வழியில் காட்டிலேயே அவருக்குப் பெண்குழந்தை பிறந்தது. ஒடானாக்கில் அவரை ஜில் குடும்பம் சொந்தமாக ஏற்றது. பிறகு விடுதலையாகி ஊருக்குப் போய்ச் சேர்ந்தார். 1759இல் ரோஜர்ஸின் ஆட்கள் ஜில்லின் மகன் சபாத்தீஸைக் கைதியாக அதே கோட்டைக்குக் கொண்டுவந்தபோது, அந்தப் பையன் ஜான்சனைக் கண்டு, அக்கா என்று ஓடி வந்தானாம். ஆர் ஆரைப் பிடித்தது, ஆருக்கு ஆர் எதிரி என்பதெல்லாம் அந்தப் பையனுக்குப் பொருட்டே இல்லை.

ஏடுகளுக்கு வருவோம். பாதிரிமார் ஞானஸ்நானம் கொடுத்து பிரெஞ்சுப் பெயர் வைத்தார்கள், சனம் அதைத் தங்கள் நாக்குக்கு ஏற்ற மாதிரி மாற்றிக்கொண்டது. ழான்-பப்தீஸ்த் என்பது சபாத்தீஸ் ஆனது, மரி என்பது மாலி ஆனது. அப்பனின் பெயர் சில வீடுகளில் குடும்பப் பெயராக நிலைத்தது. ஒபொம்சாவின், வாட்சோ, நோலெட், பனாடிஸ், மசதொக் என்று சில பத்துக் குடும்பப் பெயர்கள், எல்லாம் ஒன்றோடொன்று பின்னியவை. ஒடானாக் ஆட்கள் ஒருவரை ஒருவர் அந்தப் பெயரைக் கொண்டே இடம் பிடிப்பார்கள். எங்கள் ஊரில் கலியாண வீட்டுக்குப் போனால் கிழவிமார் "நீ ஆர் வீட்டுப் பிள்ளை?" என்று கேட்டு, பதில் வந்ததும் மூன்று தலைமுறையை ஒப்பிப்பார்களே, அது மாதிரி.

பிறகு கனடா அரசு இந்த வேலையைத் தன் கையில் எடுத்தது. 1869இலிருந்து 1985வரை சட்டம் இப்படி இருந்தது: ஒரு பழங்குடிப் பெண் வெளியாளைக் கட்டினால் அவளும் அவள் பிள்ளைகளும் பழங்குடியினர் இல்லை. பழங்குடி ஆண் ஒரு வெள்ளைக்காரியைக் கட்டினால், அந்த வெள்ளைக்காரி சட்டப்படி பழங்குடியாகிவிடுவாள். சிரிப்பதா அழுவதா தெரியவில்லை. 1985இல் திருத்தினார்கள், அரைகுறையாக. இரண்டு தலைமுறை வெளியே கலியாணம் நடந்தால் மூன்றாம் தலைமுறைக்குப் பழங்குடி என்ற அரசுப் பதிவு கிடையாது. ஒடானாக்கைச் சேர்ந்த ஸ்டெஃபான் டெஷெனோ இதை எதிர்த்து வழக்குப் போட்டார். அவருடைய பாட்டி வெளியாளைக் கட்டியதால் பதிவை இழந்தார். அதே இடத்தில் தாத்தா இருந்திருந்தால் டெஷெனோவின் பெண்பிள்ளைகளுக்குப் பதிவு கிடைத்திருக்கும். பாட்டி என்பதால் கிடைக்கவில்லை. 2015 ஆகஸ்டில் கியூபெக் உயர்நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. 2017இல் புதுச் சட்டம் வந்தது, 2019இல்தான் முழுவதும் நடைமுறைக்கு வந்தது. கனடாவில் எத்தனையோ பழங்குடிக் குடும்பங்களுக்குக் கதவு திறந்தது இந்தச் சின்ன ஊர் போட்ட வழக்கால். படத் தயாரிப்பாளர் அலானிஸ் ஒபொம்சாவினும் அந்த ஊரில் வளர்ந்தவர்தான். அவர் 2006இல் எடுத்த படத்திலும் இந்தப் பதிவு விவகாரம் வருகிறது.

இனி உன் பக்கத்துக் கதை. 1920களில் வெர்மாண்ட் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஹென்றி பெர்க்கின்ஸ் "நல்ல வித்து, கெட்ட வித்து" என்று குடும்பங்களைப் பிரித்து ஆராய்ச்சி நடத்தினார். ஏழைக் குடும்பங்களுக்கு வம்சப் படம் வரைந்து, அதில் ஆர் குடிகாரன், ஆர் மந்தபுத்தி என்று குறித்துவைத்தார்கள். 1931இல் அப்படிப்பட்டவர்களுக்குப் பிள்ளை பிறக்காமல் செய்கிற கருத்தடை அறுவைச் சட்டமும் வந்தது. வம்சாவளி எழுதுவதை இதைவிடக் கேவலமாகப் பயன்படுத்த முடியாது. வெர்மாண்ட் குழுக்கள் சொல்வது, இந்தப் பயத்தால் எங்கள் முன்னோர் அடையாளத்தை மறைத்தார்கள், அதனால்தான் எங்களிடம் பத்திரம் இல்லை என்று. கடதாசி இல்லையென்றால் நீ ஆளே இல்லை என்று சொல்கிற அலுவலகங்களுக்கு முன்னால் உன் அம்மாவும் நானும் நின்றிருக்கிறோம். ஆகவே கடதாசி இல்லை என்பதற்காக மட்டும் ஒருவரைத் தள்ளிவைக்க எனக்கு மனம் வராது.

ஆனால் ஒடானாக் கேட்பது கடதாசி மட்டும் இல்லை. எங்களில் ஆருக்கு நீ சொந்தம் என்று கேட்கிறது. அவர்களுடைய குடும்பங்கள் மறைந்து வாழவில்லை. 1884இல் ஒடானாக் தலைவர் ஜோசப் லாரன் நியூ ஹாம்ப்ஷயரின் இன்டர்வேலில் கோடைக்காலக் கூடை முகாம் போட்டார். அந்தக் காலத்தில் ஒடானாக் குடும்பங்கள் ஆஷ் மரக் கீற்றிலும் நறுமணப் புல்லிலும் கூடை பின்னி, நியூ இங்கிலாந்தின் சுற்றுலா ஊர்களுக்குக் கொண்டுபோய்த் தங்கள் சொந்தப் பெயரிலேயே விற்றார்கள். வெர்மாண்டின் அந்த நாலு குழுக்களில் ஒன்றான மிசிஸ்கோய் குழு அமெரிக்க மத்திய அரசிடம் அங்கீகாரம் கேட்டபோது, 1,171 உறுப்பினரில் 8 பேருக்குத்தான் மிசிஸ்கோய் அபெனாக்கி முன்னோரைக் காட்ட முடிந்தது என்று சொல்லி 2007இல் மறுத்துவிட்டார்கள். அதற்குப் பிறகும் 2011இலும் 2012இலும் மாநிலச் சட்டசபை நாலு குழுக்களை ஏற்றது. 2022இல் ஒடானாக் ஆட்களே வெர்மாண்ட் பல்கலைக்கழகத்துக்கு வந்து, எங்களைக் கேட்காமல் எங்கள் பெயரைக் கொடுத்துவிட்டீர்கள் என்று மேடையில் சொன்னார்கள்.

என் அபிப்பிராயம் கேட்டாய். ஆங்கில இரத்தம் மட்டுமே உள்ள ஜில் அபெனாக்கிதான், ஏனென்றால் அந்த ஊர் அவரைத் தன் பிள்ளை என்றது. டெஷெனோவின் மகள்மாரும் அப்படித்தான், அரசாங்கம் எத்தனை வருடம் மறுத்தாலும். பத்துத் தலைமுறைக்கு முந்திய ஒரு பாட்டியைக் காட்டுகிறவரை, அதுவும் இல்லாமல் வீட்டுக்கதை மட்டும் வைத்திருப்பவரை, அந்த ஊர் தெரியாது என்றால், அவரை ஏற்கச் சொல்லி அதிகாரம் பண்ண ஒரு சட்டசபைக்கு என்ன உரிமை? அந்தக் குழுக்களில் இருக்கிற எல்லாரும் பொய்யர் என்று நான் சொல்லவில்லை. வீட்டில் பெரியவர்கள் சொன்னதை நம்பி வளர்ந்தவர்கள்தான் அதிகம் இருப்பார்கள். உன்னோடு வேலை செய்கிற அந்தப் பெண்ணும் அப்படித்தான் இருக்கலாம். அவளோடு இதை வைத்துச் சண்டை பிடிக்காதே.

நீ எழுதுகிற நாலு வரியில் ஒடானாக், வோலினாக் என்ற இரண்டு பெயரும் வரட்டும். அந்த மக்கள் இன்றும் இருக்கிறார்கள், எல்லைக்கு அப்பால் சில மணி நேர ஓட்டத்தில் இருக்கிறார்கள் என்று சொல். ஓட்சிஹோசோவையும் சேர்க்கலாம், ஆனால் அதை அவர்களிடம் கேட்டுவிட்டுச் செய். ஒடானாக் மன்ற அலுவலகத்தில் பிரெஞ்சிலும் ஆங்கிலத்திலும் பேசுவார்கள். வாசிப்பதற்கு முன் எழுதியதை அவர்களுக்கு அனுப்பு. உன் மேலாளர் அவசரப்படுத்தினால், பதில் வரும்வரை விழாவில் அந்தப் பகுதியை விட்டுவிடச் சொல், பிறகு சுவரில் ஒட்டிக்கொள்ளலாம். கோடையில் நீ வந்தால் ஒடானாக் அருங்காட்சியகத்துக்குப் போவோம், பழைய பள்ளிக்கூடக் கட்டிடத்தில் 1965இலிருந்து நடக்கிறது. அம்மாவுக்கு அங்கே ஒரு கூடை வாங்க வேண்டுமாம். போன முறை விலையைப் பார்த்து வைத்துவிட்டு வந்ததை இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

அன்புடன்,
அப்பா