ஒன்ஃபீமும் என் மூன்றாம் வகுப்பும்

அன்புத் தோழிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. மகளுக்கு வேலை கிடைத்த செய்தி ரொம்ப சந்தோஷம், அவளுக்கு என் வாழ்த்தைச் சொல்லிவிடு. இந்த வருஷம் நான் மூன்றாம் வகுப்புக்குப் பாடம் எடுக்கிறேன். கதையாகச் சொன்னால் வரலாறு கட்டுக்கதை ஆகிவிடாதா என்று கேட்டிருந்தாய். நானும் அதையேதான் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

ராஜாக்களை விட்டுவிட்டு, இந்த முறை ஒரு சின்னப் பையனிடமிருந்து தொடங்கினேன். பெயர் ஒன்ஃபீம். ரஷ்யாவின் நோவ்கோரத் நகரத்தில் 13ஆம் நூற்றாண்டின் நடுவில் வாழ்ந்தவன். எழுதப் பழகிய பிர்ச் மரப்பட்டைகளை எங்கேயோ போட்டுவிட்டான். ஈரமண் காற்றுப் புகாமல் மூடிக்கொண்டதால் அவை மக்கவில்லை. 1950களில் தோண்டி எடுத்தார்கள். ஒரு பட்டையில் அகரவரிசையைக் கீற ஆரம்பித்திருக்கிறான், பாதியில் அலுத்துவிட்டது போல. மிச்ச இடத்தில் குதிரைமேல் ஒரு வீரன், கீழே விழுந்து கிடக்கும் எதிரியை ஈட்டியால் குத்துகிறான். வீரனுக்குப் பக்கத்தில் தன் பெயரையே எழுதி வைத்திருக்கிறான்!

படத்தைக் காட்டியதும் ஒரு பெண் எழுந்து வந்து உற்றுப் பார்த்தாள். "மிஸ், கையில மூணு விரல்தான் இருக்கு." அப்புறம் வகுப்பே விரல் எண்ண ஆரம்பித்துவிட்டது.

"இது எவ்வளவு நாளுக்கு முன்னாடி?" என்று கேட்டார்கள். 750 வருஷத்துக்கும் மேலே என்றால் எட்டு வயதுக்கு என்ன புரியும்? அவர்களுக்கு டைனோசரும் தாத்தாவும் ஒரே 'அந்தக் காலம்'தான். அதனால் வரிசையாக நிற்க வைத்தேன். முதல் ஆள் நீ, அடுத்தவர் உன் அம்மா, அதற்கடுத்தவர் அவருடைய அம்மா. ஒரு தலைமுறைக்கு 25 வருஷம் என்று வைத்தால் முப்பது பேர் வரிசை கிட்டத்தட்ட ஒன்ஃபீம் காலத்தைத் தொட்டுவிடுகிறது. கடைசியில் நின்ற பையன் அன்று முழுக்கத் தரையில் நிற்கவில்லை.

சரி, உன் கேள்விக்கு வருகிறேன். கதை சொல்லும்போது எது தெரிந்தது, எது நம் ஊகம் என்று அங்கங்கே நிறுத்திச் சொல்லிவிடுகிறேன். அவனுக்கு ஆறேழு வயது என்பதே படத்தையும் எழுத்தையும் பார்த்து ஆய்வாளர்கள் போட்ட கணிப்புதான். "அவனுக்குக் குதிரை ரொம்பப் பிடிக்கும்" என்று நான் வாய் தவறினால் போதும், "அது ஊகம் மிஸ்!" என்று கத்துகிறார்கள். எனக்கு இதில் பிடிவாதம் உண்டு. ஜார்ஜ் வாஷிங்டன் செர்ரி மரத்தை வெட்டிவிட்டு உண்மையை ஒப்புக்கொண்ட கதையை நாமும்தானே படித்தோம்? வாஷிங்டன் இறந்தது 1799இல். மேசன் வீம்ஸ் என்பவர் தாம் எழுதிய வாழ்க்கை வரலாற்றில் அந்தக் கதையைச் சேர்த்தது 1806ஆம் ஆண்டுப் பதிப்பில்தான். ஆதாரம் கிடையாது. பொய் சொல்லக் கூடாது என்று கற்பிக்க ஒரு பொய்! சின்ன வயதில் கேட்டது லேசில் போகாது, அதனால்தான் இவ்வளவு கவனம்.

ஒரு விஷயத்தில் உன் யோசனை வேண்டும். "ஏன் மிஸ் அவன் குத்துறான்?" என்று ஒருவன் கேட்டான். போரைப் பற்றிப் பேசாமல் தப்ப முடியாது என்று அப்போதே தெரிந்துவிட்டது. அடுத்து இத்தாலியில் எரிமலைச் சாம்பலில் புதைந்துபோன பாம்பேய் நகரத்தை எடுக்கலாம் என்றிருக்கிறேன். கி.பி. 79இல் வெசூவியஸ் எரிமலை வெடித்தபோது 17 வயதாக இருந்த பிளினி என்ற ரோமானியர், தான் கண்டதைப் பிறகு கடிதங்களாக எழுதியிருக்கிறார். அதை வைத்தே நன்றாகச் சொல்லலாம். ஆனால் சாம்பலில் புதைந்தவர்களின் அச்சு உருவங்களை இந்த வயதில் காட்டலாமா? நான் வேண்டாம் என்ற பக்கம்தான் சாய்கிறேன். நீ பெரிய வகுப்புகளுக்குக் காட்டியிருக்கிறாய், பிள்ளைகள் எப்படி எடுத்துக்கொண்டார்கள் என்று விவரமாக எழுது.

அன்புடன்,
உன் பழைய தோழி